‘உங்களிடம் என்ன பிழை கண்டார்கள்?’ – மன்னார் இளையோர் தடுமாறும் ஒரு கேள்வி

அந்தக் கேள்வி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். பெயர், ஊர், படித்த பாடசாலை, உயர்தரப் பெறுபேறு, கணினிப் பயிற்சி என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: “உங்கட வேலையில யாராவது பிழை சொன்ன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கோ. அதுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

சற்று நேரம் பேச்சு நின்றுவிடும். அதன்பின் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “அப்பிடி ஒண்டும் இல்லை சேர். என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

சொல்கிற பிள்ளை அதைப் பெருமையாகவே சொல்கிறது. நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்து வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? ஆனால் கேட்பவரின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. இவர் வேலையே செய்ததில்லை, அல்லது செய்த வேலையை ஒருவரும் பார்த்ததில்லை, அல்லது சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இவருக்கு இல்லை. மூன்றில் ஒன்று என்று அவர் முடிவு செய்துகொள்கிறார். முருங்கனிலிருந்து விடிய முன்னமே பஸ் ஏறி, பாலம் கடந்து, வீதியில் நிற்கும் கழுதைகளைத் தாண்டி மன்னார் நகருக்கு வந்த பிள்ளை, அந்த ஒரு பதிலால் வெறுங்கையுடன் திரும்புகிறது.

இந்தக் கேள்வி இன்று மன்னாரில் எல்லா வாசல்களிலும் காத்திருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் கள உத்தியோகத்தர் வேலைக்கும், வங்கிக் கிளைகளுக்கும், தனியார் கம்பனிகளுக்கும் நேர்முகத்துக்குப் போகிறவர்கள் இதைச் சந்திக்கிறார்கள். மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 103.5 மெகாவோட் ‘தம்பபவனி’ நிலையம் அது. அப்படிப்பட்ட இடங்களில் தொழில்நுட்பவியலாளராகச் சேர விரும்பும் பிள்ளைக்கும், கொழும்பில் உள்ள கம்பனிக்குக் கணினித் திரை வழியாக முகம் காட்டும் பிள்ளைக்கும் இதே கேள்விதான். கேள்வி மாறப் போவதில்லை. பதிலை நாம் கற்றுக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய சரக்கு இந்தக் கரையிலேயே நிறையக் கிடக்கிறது.

ஏச்சும் திருத்தமும்

இந்தத் தடுமாற்றத்தின் வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. ஒருவர் நம் வேலையில் பிழை கண்டால், வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்கிறோம்? “இண்டைக்கு ஒபிஸில நல்ல ஏச்சு.” சொன்னவர் சத்தம் போட்டாரா, அமைதியாகச் சொன்னாரா என்பது பொருட்டில்லை. பிழை சொன்னாலே அது ஏச்சு.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டிலும் பாடசாலையிலும் ஏச்சும் திருத்தமும் ஒன்றாகவே வந்து நம் காதில் விழுந்திருக்கின்றன. கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளைக்கு “இந்த இடத்தில் கூட்டல் தவறு” என்பது சொல்லப்படும். கூடவே “மண்டையில் ஒன்றுமில்லை” என்பதும் சொல்லப்படும். பிள்ளை இரண்டாவதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருக்கும். முதலாவது மறந்துவிடும்.

மன்னார் மாவட்டத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. பிழையை ஒத்துக்கொள்வது ஆபத்தாக இருந்த போர்க்காலத்தை இந்த மண் நீண்டகாலம் கண்டது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் கொட்டில் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தன. பெருநிலப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக வன்னிக்குள் நகர்ந்தன. யார் எவர் என்று தெரியாத இடத்தில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே என்பதே பெற்றோர் கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடம் உயிரைக் காத்தது. இன்று நேர்முகத் தேர்வில் அதே பாடம் வாயை அடைத்துவிடுகிறது. இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடைப்பை எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எடுக்கும் வழி எளிது. ஏச்சு என்பது ஆளைப் பற்றியது. திருத்தம் என்பது வேலையைப் பற்றியது. நேர்முகத்தில் கேட்கப்படுவது இரண்டாவதைப் பற்றி. உங்களுக்குக் கிடைத்த ஏச்சுகளுக்குள்ளிருந்து திருத்தத்தைப் பிரித்தெடுத்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது வெறும் வார்த்தை விளையாட்டில்லை. 1996இல் அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டினிசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் வேலை மேம்படுகிறதா என்று பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். 600க்கும் மேற்பட்ட முடிவுகள், 23,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகள். சராசரியாகப் பார்த்தால் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்னையைவிட மோசமானது. அதற்கு அவர்கள் தந்த விளக்கம் நம் ஊர்ச் சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது: கேட்பவரின் கவனம் செய்யும் வேலையை விட்டுத் தன்னை நோக்கித் திரும்பும்போது பலன் குறைகிறது. ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கவலை வந்ததும் ‘இதை எப்படிச் சரியாக்குவது’ என்ற எண்ணம் போய்விடுகிறது.

கேள்வி எங்கிருந்து வந்தது?

பலர் இதை வேண்டுமென்றே மாட்டிவிடும் கேள்வி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்தவர் ஜோன் பிளனகன் என்ற உளவியலாளர். நல்ல விமானியின் குணம் என்ன என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் துணிச்சல், பொறுமை என்று நல்ல சொற்களை அடுக்குவார்கள்; அதிலிருந்து ஒன்றும் தெரியவராது. ஆகவே, உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அப்போது அவர் என்ன செய்தார் என்று கேட்கும் முறையை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்த்தார்கள். 1954இல் அதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் நேர்முகத் தேர்வுகளில் “ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்” என்று தொடங்கும் கேள்விகளுக்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

ஆக, கேட்பவர் உங்கள் குறையைத் தேடவில்லை. ஒரு சம்பவத்தைத் தேடுகிறார். நாளைக்கு இந்த அலுவலகத்தில் உங்கள் அறிக்கையைத் திருப்பித் தந்தால் நீங்கள் முகம் சுருக்கி இரண்டு நாள் பேசாமல் இருப்பீர்களா, அல்லது திருத்திக்கொண்டு வருவீர்களா என்பதை நேற்று நீங்கள் செய்ததிலிருந்து கணிக்கப் பார்க்கிறார்.

கண்ணிவெடி நிலத்தில் கிடைக்கும் பாடம்

திருத்தத்தை ஏச்சாக எடுத்துக்கொள்ளவே முடியாத ஒரு தொழில் இந்த மாவட்டத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. அது கண்ணிவெடி அகற்றல். மாக் எனப்படும் மைன்ஸ் அட்வைசறி குறூப் 2002 முதல் இலங்கையில் பணியாற்றுகிறது. மன்னார் அது வேலை செய்யும் மாவட்டங்களில் ஒன்று. அதன் பணியாளர்களில் பெரும்பாலானோர் இங்கத்தைய ஆட்கள். பெண்களும் இருக்கிறார்கள்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் ஒன்று புரியும். கனத்த பாதுகாப்பு அங்கி, முகத்தை மூடும் தடித்த கண்ணாடிக் கவசம். மன்னார் வெயிலில் அதற்குள் வியர்வை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவருக்கு ஒரு ஒடுங்கிய பாதை. எல்லைக் குச்சிகளை நட்டு, கண்டறியும் கருவியை அசைத்து, சத்தம் வந்த இடத்தில் மண்ணை மெல்ல விலக்கி, ஒரு சாண் முன்னேறி, மீண்டும் குச்சியை நட வேண்டும். ஒருவர் முடித்த துண்டை அப்படியே முடிந்ததென்று விட்டுவிடமாட்டார்கள். பொறுப்பாளர் வந்து அதே நிலத்தை மறுபடி பரிசோதிப்பார். அதற்கு மேல் தரப் பரிசோதனைக்கென்று வேறொருவர் வருவார். விடுபட்ட ஒன்று அகப்பட்டால், அந்தப் பகுதியைத் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அங்கே “என்னில் பிழை பிடிக்கிறார்” என்று யாரும் கோபிக்க முடியாது. பிழை பிடிக்கப்படாமல் போனால், நாளைக்கு அந்த நிலத்தில் கால் வைப்பது ஆடு மேய்க்கும் பிள்ளையாக இருக்கும். பரிசோதிப்பவரும் பரிசோதிக்கப்படுபவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பது மண்ணுக்குள் கிடக்கும் வெடி மட்டுமே. எந்த அலுவலகமும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத பயிற்சி இது.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் முதலாம் திகதி கெடுவாக வைக்கப்பட்டது. வேலை முடிய முடிய இந்தப் பணியாளர்கள் வேறு தொழில் தேட வேண்டும். அவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முறையாக நேர்முக மேசைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், நாட்டிலேயே சிறந்த பதில் அவர்களிடமிருந்து வரவேண்டும். “என்ர எல்லைக் குச்சி நேர்கோட்டில இல்லை எண்டு பொறுப்பாளர் சொன்னவர், நான் அந்த இடத்தில வேலையை நிப்பாட்டி, கடைசியாச் சரியா இருந்த குச்சி வரைக்கும் திரும்பிப் போய்த் தொடங்கினனான்” என்று அவர் சொன்னால், அதைவிட வேறென்ன வேண்டும்?

கடற்கரையிலும் திண்ணையிலும்

வெடி நிலத்துக்குப் போகாதவர்களுக்கும் சரக்கு இருக்கிறது. கரைவலை இழுக்கும் கடற்கரையில் காலையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரே அளவில் இழுத்து வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை சரிந்து, மடிக்குள் வர வேண்டிய மீன் வெளியே போய்விடும். ஆகவே சம்மாட்டியின் குரல் ஓயாது: “அங்கால விடு! இங்கால இழு!” சத்தம் பெரிது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது என்று நாலு சொல்லில் வேலை சொல்லப்பட்டுவிடும். கேட்டவன் கோபித்துக்கொண்டு கயிற்றை விட்டுப் போவதில்லை. காலை முன்னே ஊன்றி நிதானித்து இழுப்பான்.

பனையோலைப் பாய் பின்னும் தாய்மாருக்கும் இது தெரியும். ஒரு ஓலை மாறிப் போனால் அந்த வரியில் தெரியாது. நாலைந்து வரி தள்ளி, கோலம் கோணும்போதுதான் தெரியும். அப்போது பக்கத்தில் இருக்கும் மூத்தவர் விரலை வைத்து, “இதிலயிருந்து பிரி” என்பார். அவர் சொல்வது வேலை நிற்கும் இடத்தை அல்ல, பிழை தொடங்கிய இடத்தை. நேர்முகத்தில் நல்ல பதிலும் அதையே செய்கிறது.

இன்னும் வேலைக்கே போகாத பிள்ளை என்ன சொல்வது? மன்னாரில் உதைபந்து ஆடாத ஊர் எது? பயிற்றுநர் உங்கள் ஆட்டத்தில் எதை மாற்றச் சொன்னார், மாற்றினீர்களா? தொழிற்பயிற்சி நிலையத்தில் உங்கள் பற்றவைப்பு வேலையைப் போதனாசிரியர் திருப்பித் தந்தாரா? ஆலய விழாவுக்கோ பள்ளிவாசல் நிகழ்வுக்கோ கணக்கு எழுதியபோது பெரியவர் ஒருவர் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டாரா? இவையெல்லாம் பதில்கள்தான்.

ஒரு பதிலைக் கட்டுவோம்

தொண்டு நிறுவன வேலைக்கு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவர் பதில் இப்படி இருக்கலாம்:

“நான் முசலிப் பக்கம் வீட்டுக் கணக்கெடுப்பில தொண்டராய் வேலை செய்தனான். முதல் கிழமை 40 படிவம் நிரப்பிக் குடுத்தன். மேற்பார்வையாளர் அக்கா அதில 12ஐத் திருப்பித் தந்தவ. வெளியூரில வேலை செய்யிற ஆக்களையும் வீட்டில இருக்கிற ஆக்களாய் எழுதியிருக்கிறீர், இப்பிடி எழுதினா மொத்தக் கணக்கும் பிழைச்சிடும் எண்டு சொன்னவ. வெயிலுக்குள்ள நடந்து எடுத்த தகவல், எனக்கு முதல் கவலையாத்தான் இருந்தது. ஆனா படிவத்தைத் திரும்பப் பார்க்க விளங்கிச்சு. நான் ‘உங்கட வீட்டில எத்தினை பேர்?’ எண்டு கேட்டிருக்கிறன். ‘நேற்று இரவு இந்த வீட்டில படுத்தவை எத்தினை பேர்?’ எண்டு கேட்டிருக்க வேணும். 12 வீட்டுக்கும் திரும்பப் போனன். புதுக் கேள்வியை என்ர கொப்பியின்ர முன்பக்கத்தில எழுதி வைச்சன். அடுத்த கிழமை ஒரு படிவமும் திரும்பி வரேல்லை. பிறகு புதுசா வந்த ரெண்டு பேருக்கு அக்கா என்னையே காட்டிக் குடுக்கச் சொன்னவ.”

ஒன்றரை நிமிடம் போதும். இதற்குள் நான்கு விடயங்கள் இருக்கின்றன. என்ன பிழை என்று தெளிவாகச் சொல்கிறார். அது ஏன் முக்கியம் என்று விளங்கிக்கொண்டதைச் சொல்கிறார். தான் செய்ததைச் சொல்கிறார். அதன்பின் என்ன மாறியது என்று முடிக்கிறார். ‘கவலையாக இருந்தது’ என்பதை மறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பிழை சொன்னால் மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த கேள்வி இப்படி வரலாம்: “சொன்ன திருத்தம் சரியில்லை எண்டு நினைச்சால்?” அதற்கும் நேர்மையான பதில் உண்டு. எந்த இடத்தில் என்று ஓர் உதாரணம் கேட்பேன். என்னிடம் உள்ள பதிவைக் காட்டி என் பக்கத்தைச் சொல்வேன். அதன் பிறகும் பொறுப்பானவர் அப்படித்தான் வேண்டும் என்றால், சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் விரோதமில்லாத வரை அப்படியே செய்வேன். தலையாட்டுவது பணிவு என்று நினைத்துவிட வேண்டாம். காரணத்தோடு மறுக்கத் தெரிந்தவர்தான் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளவும் செய்வார்.

மூன்றைத் தவிர்த்துவிடுங்கள். “என்ர குறை, நான் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிறதுதான்” என்ற பதிலை எல்லோரும் கேட்டுச் சலித்துவிட்டார்கள். பழைய முகாமையாளரைத் தூற்றாதீர்கள். 5 பிரதேச செயலகப் பிரிவுகளே உள்ள மாவட்டம் இது. எதிரே இருப்பவர் அவருடைய உறவினராகவே இருக்கலாம். மற்றவருடைய கதையை உங்கள் கதையாகச் சொல்லாதீர்கள். இரண்டாவது துணைக் கேள்வியிலேயே அது அவிழ்ந்துவிடும்.

எல்லை மீறும் ஏச்சு

எல்லாவற்றையும் திருத்தமாக எடுத்துக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பெரும் பாவம். சாதியை, மதத்தை, ஊரை, உடலை, பெண் என்பதை வைத்துப் பேசுவதில் திருத்தம் ஏதும் இல்லை. அதைப் பொறுத்துக்கொள்வது பக்குவமும் இல்லை. வேலையிடத்துப் பாலியல் தொந்தரவு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி 1995 முதல் குற்றம். அப்படிப்பட்ட அனுபவத்தை நேர்முகத்தில் ‘எனக்குக் கிடைத்த விமர்சனம்’ என்று சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அதற்குரிய இடம் வேறு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

கேள்வி கேட்பவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்த கேள்வியை அப்படியே மொழிபெயர்த்து வைத்தால், பிள்ளைக்குக் கேள்வியே விளங்குவதில்லை. விளங்காததைக் குணக்குறையாகக் கணக்கிடுவது அநியாயம். “உங்கட வேலையைத் திருப்பித் தந்து, மாத்திச் செய்யச் சொன்ன ஒரு நாளைச் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். கதை தானாக வரும். அரச சேவைக்கான பரீட்சைகளுக்குத் தமிழிலோ சிங்களத்திலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது. அந்த உரிமையின் உயிர் பேச்சு மொழிக்கும் பொருந்த வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த முறையில் புள்ளி போடும் நேர்முகம், அப்படி வகுக்காத நேர்முகத்தைவிட நல்ல ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பதை 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் இருவரும் 1998இல் காட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மீனவர்கள், குருமார், இளைஞர்கள் எல்லோரும் அதில் நின்றார்கள். அதுவும் ஒரு திருத்தம்தான். இந்தத் தீவுக்கு வரும் எந்த நிறுவனமும் பிள்ளைகளிடம் ‘குறை சொன்னால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்க முன், ஊர் சொன்ன குறைக்குத் தான் என்ன செய்தேன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றிரவு ஒரு வேலை

நேர்முகத்துக்குப் போகும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் வேலையில், படிப்பில், விளையாட்டில் யாராவது பிழை சொன்ன மூன்று நாட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோடு போட்டு, அதில் ஏச்சு எது, திருத்தம் எது என்று பிரியுங்கள். ஏச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். திருத்தத்துக்குப் பிறகு நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை எதிரே இருத்தி, அதைச் சத்தமாக, உங்கள் வீட்டுத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். முதல்முறை நாக்கு தடுமாறும். மூன்றாம் முறை தடுமாறாது.

அம்மா, அப்பாமாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கொப்பியில் பிழை கண்டால், பிழை தொடங்கிய இடத்தில் விரலை வையுங்கள். பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை நேர்முக மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லும்.